கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே பன்னிரண்டு பாட்டு

என் அருமைப் பங்காளி ராசுவுக்கு,

"நல்லா இருக்கிறாயா" என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. எட்டு வருசம் ஒரே லாரியில் ஓடினோம், ஒரு நாளாவது உன்னை அப்படிக் கேட்டிருப்பேனா? தூங்கி எழுந்ததும் "எந்த ஊர் இது?" என்றுதான் கேட்பேன். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நலம் விசாரிக்கிற மரியாதையெல்லாம் வருகிறது.

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருசம். இங்கே இப்போது புரட்டாசி நடக்கிறது. முட்டை விற்காமல் பண்ணைக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பரமத்தி வேலூர் பாலத்துக்குக் கீழே காவிரி நிறைய ஓடுகிறது. உன் லாரி உன் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது, தார்ப்பாய் மேலெல்லாம் இலை. நான் ராசிபுரம் பக்கம் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிறேன். சிரிக்காதே. புனேவுக்கும் நாமக்கல்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தவன், இப்போது சாயந்தரம் ஆறரைக்கெல்லாம் வண்டியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ரசம் சோறு தின்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மகள் தாரணி கம்ப்யூட்டரில் அடித்து, நம் டிரைவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறாள். நான்தான் போடச் சொன்னேன். உன் சாவு வீட்டுப் பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் நான் ஒரு பொய் சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "சுத்தி வளைக்காம விசயத்துக்கு வா" என்பாய். இன்றைக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள். அந்த ஜப்பான் பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் அந்த ராத்திரியைச் சொல்ல முடியாது.

நாமக்கல் லாரியில் ஜப்பான் பாட்டா என்று படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நமக்கு வேறு வழி இருந்ததா சொல்? ஒருவன் ஓட்ட வேண்டும், ஒருவன் பின்னால் பெர்த்தில் தூங்க வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் ஓட்டுகிறவனுக்குக் கண் சொக்கும், பாட்டு இருந்தால் படுத்திருப்பவனுக்குத் தூக்கம் போகும். நீ தமிழ்ப் பாட்டுப் போட்டால் நான் படுத்தபடியே கூடப் பாடுவேன். நான் போட்டால் நீ எழுந்து வந்து, "இதைய விட அந்தக் காலத்துப் பாட்டு ஒண்ணு இருக்குது" என்று ஆரம்பிப்பாய். தொப்பூர் இறக்கத்தில் கூட நாம் வாயை மூடினதில்லை.

இந்திக்கு மாறினோம். இத்தனை வருசம் வடக்கே ஓடினவனுக்கு இந்தி புரியாமல் இருக்குமா? காதலி ரயிலேறிப் போய்விட்டாள் என்று அவன் பாடினால், எந்த ஊர் ரயில் என்று நான் யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். கன்னடம் போட்டோம், மராத்தி போட்டோம், தெலுங்கு போட்டோம். எல்லாம் பாதி புரிந்து தொலைத்தது. லாரிக்காரனுக்குப் புரியாத பாஷை இந்த நாட்டிலேயே இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். ஒரு நாள் இங்கிலீஷ் போட்டாய். சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று நானே எழுந்து வந்து நிறுத்தினேன்.

தாரணிதான் வழி சொன்னாள். "அப்பா, ராத்திரி கேக்கறதுக்குன்னே ஜப்பான்காரங்க பாட்டு இருக்குதுங்கப்பா. எங்க ஹாஸ்டல்ல தூக்கம் வராத புள்ளைங்கெல்லாம் அதத்தான் கேக்கும்" என்று ஒரு பென் டிரைவில் அறுபது பாட்டு ஏற்றிக் கொடுத்தாள். நாமக்கல் பைபாஸில் வண்டி ஏறினதும் நீ அதைச் சொருகினாய். கிடார் ஒன்று மெதுவாக நடக்க ஆரம்பித்தது. ஒரு பெண் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி பாடினாள். நீ ஐந்து நிமிசம் கேட்டுவிட்டு, "பங்காளி, ஒரு மண்ணும் புரியல. இதுதான் நமக்கு" என்றாய்.

அந்த முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. புதுப் பாட்டு என்பதால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். பாட்டுகளின் பெயர் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது, அந்த எழுத்து அந்தப் பெட்டிக்கும் புரியவில்லை. அதனால் எந்தப் பாட்டு எந்த ஊரில் வந்ததோ அந்த ஊரையே அதற்குப் பெயராக வைத்தோம். மல்லூர் பாட்டில் பின்னால் மழைச் சத்தம் கேட்கும். நீ வைப்பரைப் போட்டுவிட்டு, கண்ணாடி காய்ந்து கிடப்பதைப் பார்த்து அசடு வழிந்தாய். தொப்பூர் பாட்டில் கிடார் படி இறங்குகிற மாதிரி இறங்கும். காவேரிப்பட்டினத்துப் பாட்டைப் பாடுவது ஆணா பெண்ணா என்பது நமக்குள் கடைசி வரை தீராத வழக்கு. ஊர் வராத இடத்தில் பஞ்சர் கடை, பெட்ரோல் பங்க், டீக்கடை என்று வைத்தோம்.

கிருஷ்ணகிரி உன் பாட்டு. ஒரு ஆண் குரல், எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விடுகிற மாதிரி இழுக்கும். நடுவில் சாக்சபோன் வந்து அவனுக்குப் பதில் மிச்சத்தைச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் நீ ஒரு புள்ளி சத்தம் கூட்டுவாய், முடிந்ததும் ஒரு புள்ளி குறைப்பாய். அறுபதாவது பாட்டு ஓசூர். ஒற்றைப் பியானோ. அப்புறம் ஒரு பெண் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்வாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தாரணியைக் கேட்கப் போனேன், நீ தடுத்துவிட்டாய். "புரிஞ்சா வேலை கெட்டுரும்" என்றாய்.

அறுபது பாட்டும் சேர்ந்து சரியாக நாலு மணி நேரம். அதுவே நம் முறையாகிப் போனது. ஒரு சுற்று நீ, ஒரு சுற்று நான். ஓசூர் பாட்டு வந்தால் ஆள் மாற வேண்டும். அது தாவணகெரேயில் வந்தாலும் புனேயில் வந்தாலும் ஓசூர்தான். கொஞ்ச நாளில் உடம்புக்கே பழகிவிட்டது. அந்தப் பெண் மூன்றாவது தடவை சொல்லும்போது படுத்திருப்பவன் கால் கீழே இருக்கும். யாரும் யாரையும் எழுப்பியதே இல்லை.

எழுப்பக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தானே. பெல்காம் பக்கம் ஒரு தடவை டைவர்ஷன் வழி கேட்கிறேன் என்று பாதித் தூக்கத்தில் என்னை எழுப்பினாய். நான் உன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசினேன், அது உன் தோளில் பட்டது. அப்புறம் ஊர் வந்து சேருகிற வரை உன்னோடு பேசவில்லை. நீதான் முதலில் சிரித்தாய். "சாமி, இனிமே உன்னைய எழுப்புனா என் பேர மாத்தி வெச்சுக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினாய், படுபாவி.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு புனேவுக்குப் போகிறோம். தும்கூர் தாண்டிச் சாப்பிட்டோம். நீ இரண்டு சப்பாத்திக்கு மேல் தொடவில்லை. நெஞ்சுக்கு நடுவில் வாயு அடைக்கிறது என்று ஒரு சோடா குடித்தாய், ஏப்பம் வந்தது, சரியாகிவிட்டது என்றாய். நானும் நம்பினேன். "நான் ஓட்டட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முறை உன்னுடையது, எனக்குக் கண் சொக்கியது, கேட்கவில்லை. பத்தரைக்கு நீ பாட்டைப் போட்டாய். வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்து, "பாட்டுப் போட்டாச்சு, நீ தூங்கு" என்று உன் மனைவி கோமதியிடம் சொன்னாய். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

பிறகு ஓசூர் பாட்டு கேட்டது. கால் கீழே வந்தது. வண்டி ஓடவில்லை.

வண்டி நின்றால் நாம் முழிப்பதில்லை. டோல், செக்போஸ்ட், ஜாம் என்று எத்தனையோ தடவை நிற்கிற வண்டி. பாட்டு நின்றால்தான் முழிப்போம், அது உனக்கும் தெரியும். எட்டிப் பார்த்தேன். சித்ரதுர்கா தாண்டி ரோட்டோரமாக, கோடு போட்டது போல ஒழுங்காக நிறுத்தியிருந்தாய். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. நாலு பக்க விளக்கும் சிமிட்டிக்கொண்டிருந்தது. துண்டை மடித்துக் கதவுக் கண்ணாடியில் வைத்து அதில் தலை சாய்த்திருந்தாய். எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டு நிற்காமல் இருக்கச் சாவியை முதல் திருப்பிலேயே விட்டிருந்தாய். சத்தத்தை வேறு இரண்டு புள்ளி குறைத்திருந்தாய்.

கூப்பிட்டேன். உன் தோளைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. கை சில்லென்று இருந்தது. ஆனாலும் நெஞ்சை அமுக்கினேன், வாயில் தண்ணீர் விட்டேன், எனக்குத் தெரிந்த அத்தனை பாஷையிலும் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "எப்ப ஆச்சு?" என்று கன்னடத்தில் கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதுதான் என்றேன்.

அங்கேதான் பொய் ஆரம்பித்தது. ஊருக்கு வந்ததும் அது வளர்ந்தது. பந்தலில் கோமதி நங்கையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏனுங் தம்பி, கடைசியா அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார். அண்ணியை நங்கையா என்று கூப்பிடும்போதே நமக்கெல்லாம் கொஞ்சம் பயம் வரும். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? நீ என்னைக் கூப்பிட்டாய் என்றேன். உடனே எழுந்து வந்து மடியில் சாய்த்துக்கொண்டேன் என்றேன். "கோமதி, பாப்பா" என்று இரண்டு வார்த்தை சொன்னாய், அதோடு முடிந்தது என்றேன். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். "கூடவே ஒரு ஆள் இருந்தானே, அதுவே பெரிசு" என்று என் முதுகைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அடியாகத்தான் விழுந்தது.

லாரி பெர்த்தில் அதற்குப் பிறகு என்னால் படுக்க முடியவில்லை. வேறு ஒருவரோடு ஒரே ஒரு நடை போனேன். பாட்டில்லாமல் தூங்கவும் முடியவில்லை, பாட்டைப் போடவும் முடியவில்லை. அந்த ஆள் இருமினால் எழுந்து உட்காருவேன், வண்டி நின்றால் எழுந்து உட்காருவேன். "ஏனுங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று அவர் கேட்டார். அதனால்தான் பகலில் மட்டும் ஓடுகிற காலேஜ் பஸ்ஸுக்கு வந்தேன்.

அங்கேயும் விடவில்லை நீ. ஆடி மாதம் ஒரு சாயந்தரம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆண்டகலூர் கேட் பக்கம் வருகிறேன். முன்சீட்டுப் பெண் ஒன்று போனில் ஏதோ பாட்டுப் போட்டது. ஒற்றைப் பியானோ. எனக்கு எதுவும் நினைவில்லை பங்காளி. பஸ் ஓரமாக நின்றிருக்கிறது. நான் சீட்டை விட்டு எழுந்து, பின்னால் திரும்பி, உன்னைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பாட்டு வந்தால் யாரோ ஒருவன் எழுந்து யாருக்கோ இடம் விட வேண்டும் அல்லவா, உடம்பு அதைத்தான் செய்திருக்கிறது. பஸ் நிறையப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் அண்ணா, என்னாச்சுங்க?" என்று அந்தப் பெண் கேட்டது.

"ஒண்ணுமில்ல சாமி, டயரப் பாக்கோணும்" என்று இறங்கி, ஆறு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு ஏறினேன். அதற்குள் அந்தப் பாட்டு முடிந்துவிட்டது. இந்தப் பாட்டு உங்களுக்கும் பிடிக்குமா, அர்த்தம் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டது. வேண்டாம் சாமி என்றேன். புரிந்தால் வேலை கெட்டுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நங்கையா போன் செய்து, "திதிக்கு என்னென்ன வாங்கோணும்னு பேசோணும், ஊட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி" என்றார். பதினொரு மாதமாக வாசலோடு பேசிவிட்டு ஓடிவந்த வீடு. அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார். தாரணி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் நம் பென் டிரைவ். பக்கத்தில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று. அதன் பின்பக்கம் நங்கையாவின் கையெழுத்தில் வரிசையாக மணி எழுதியிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க நங்கையா."

"அன்னைக்கு நீங்க எந்திரிக்கறப்ப எந்தப் பாட்டு ஓடிட்டிருந்துச்சுங்க?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் பொய் தயார் செய்து வைத்திருக்கவில்லை. யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு யாருக்கு அந்தப் பாட்டுகளின் பெயர் தெரியும்? நீ வீட்டில் சொல்லி வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஓசூருங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட ஒருவர் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார்.

"பத்தரைக்கு அவரு போன் பண்ணுனாருங்க, பாட்டுப் போட்டாச்சுன்னாரு. டோல் மெசேஜி எப்பவும் என்ற போனுக்குத்தான் வரும். கடைசி மெசேஜி ஒண்ணு இருவத்தெட்டுக்கு வந்துருக்குது. வண்டி நின்ன எடம் அந்த டோல்லருந்து நாலஞ்சு கிலோமீட்டருன்னு போலீசு எழுதியிருக்குது. அப்பறம் நானு இங்க பத்தரைக்குப் பாட்டப் போட்டுட்டு, கடியாரத்தப் பாத்துட்டே உக்காந்தனுங்க. ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு, வண்டி நின்ன நேரத்துக்கு, கிருஷ்ணகிரி வந்துச்சு."

தாரணி எழுந்து வந்து அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள்.

"கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவால பன்னண்டு பாட்டு இருக்குதுங்க தம்பி."

எனக்கு மோர் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "நான் எந்திரிக்கவே இல்லீங்க நங்கையா. அவன் கூப்புட்டானா, கூப்புடலையான்னே எனக்குத் தெரியாதுங்க. ஓசூரு வந்துதான் முழிச்சேன். அப்பவே எல்லாம் முடிஞ்சிருந்துச்சுங்க." எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் சாய்க்கவில்லை என்று சொன்னேன். துண்டையும் சாவியையும் பற்றிச் சொன்னேன். பெல்காமில் பாட்டில் வீசினதையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது, நீ சொல்லவே இல்லை.

அவர் அழவில்லை. சாவி விசயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நீங்க எந்திரிக்காததுக்கு நான் உங்களைய ஒண்ணும் சொல்லமாட்டனுங்க. சாவிய ஒரு திருப்புத் திருப்பியிருந்தா பாட்டு நின்னுருக்கும், நீங்க எந்திரிச்சிருப்பீங்க. அது அவருக்குத் தெரியும். திருப்பல. அது எனக்கும் அவருக்கும் உள்ள சண்டை, நான் தனியாப் போட்டுக்கறேன்."

அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் ஸ்பீக்கரிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்.

"ஆனா என்ற பேரச் சொன்னாருன்னு சொன்னீங்களே தம்பி. பதினோரு மாசமா அதைய வெச்சுட்டுத்தான் நான் படுத்து எந்திரிக்கறேன். இனி நான் எதைய வெச்சுக்கறதுங்க?"

பங்காளி, நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இருந்த ஒன்றையும் நானே கொடுத்தேன், நானே பிடுங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஆகவில்லை. நங்கையாவுக்கும் ஆகவில்லை. தாரணி மட்டும் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, "பரவால்லீங்க சித்தப்பா" என்றாள். அந்தப் பிள்ளை ஏற்றிக் கொடுத்த பாட்டுகள். அதன் மனசிலும் ராத்திரி ராத்திரி என்ன ஓடுகிறதோ, கேட்க எனக்குத் தைரியமில்லை.

உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. வாயு என்றுதான் நினைத்தாயா? பத்து நிமிசம் சாய்ந்தால் சரியாகிவிடும், தூங்குகிறவன் தூங்கட்டும் என்று நினைத்தாயா? அப்படியானால் ஏன் சத்தத்தைக் குறைத்தாய்? வலிக்கும்போது பாட்டு இரைச்சலாக இருந்ததா, இல்லை எனக்காகவா? ஒரு தடவையாவது பின்னால் திரும்பிப் பார்த்தாயா? கூப்பிட வாயெடுத்து, நான் வீசிய பாட்டிலை நினைத்து நிறுத்திக்கொண்டாயா? அந்தப் பன்னிரண்டு பாட்டில் எத்தனை பாட்டு நீ கேட்டாய்?

மூன்றா? ஏழா? ஓசூர் ஆரம்பித்தபோது நீ இருந்தாயா? இந்தக் கேள்வியோடுதான் தினமும் படுக்கிறேன். விடிகிற வரைக்கும் அதை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். என் வீட்டுக்காரி, "பாட்டு வேணும்னா போட்டுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்கிறாள். அவளுக்கு எப்படி விளக்குவது?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நங்கையா அந்த பென் டிரைவையும் லாரிச் சாவியையும் என் கையில் வைத்தார். "நானு ஒரே ஒரு தடவ கடேசி வரைக்கும் கேட்டனுங்க. இனி கிருஷ்ணகிரிக்கு மேல என்னால முடியாது. இது வண்டீலயே இருக்கட்டும்" என்றார். வண்டியை எடு என்று அவர் சொல்லவில்லை. எடுக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் போய்க் கதவைத் திறந்தேன். பதினொரு மாதத்துப் புழுக்கத்தோடு உன் வாசனையும் கொஞ்சம் இருந்தது, டீசலும் தைல வாசமும். பெர்த்தில் என் போர்வை நான் உதறிவிட்டு இறங்கின மேனிக்கே கிடந்தது. மடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு நான் செய்யக்கூடியது இனிமேல் எதுவும் இல்லை. அது தெரிந்தும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்.

உன் திதியன்று ராத்திரி அந்த வண்டியில் ஏறுவேன். பெர்த்தில் இல்லை, நீ இருந்த சீட்டில். எஞ்சினைப் போடமாட்டேன், சாவியை முதல் திருப்போடு விடுவேன். பத்தரைக்குப் பாட்டைப் போடுவேன். ஒன்று முப்பத்தைந்துக்கு உன் கிருஷ்ணகிரி வரும், ஒரு புள்ளி கூட்டி ஒரு புள்ளி குறைப்பேன். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு பாட்டையும் கண் மூடாமல் உட்கார்ந்து கேட்பேன். ஒன்றைக்கூட விடமாட்டேன். ஒரு வருசம் பிந்தித்தான் முழித்திருக்கிறேன், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, எனக்கே தெரியும். ஆனாலும் முழித்திருப்பேன்.

ஓசூர் வருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு பங்காளி. திட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைவிட ஆறு மாதம் இளையவன்,
பின் பெர்த்தில் படுத்திருந்த உன் பங்காளி
சண்முகம்
பரமத்தி வேலூர்